செல்வப்பிரியாவின் எலும்பும் மூன்று டாக்டர்களும்

பதினேழு வயதில் செல்வப்பிரியா மாநில அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓடினாள். எடை கூடினால் வேகம் போய்விடும் என்று கோச் பூபதிராஜா இராச்சோற்றை நிறுத்தச் சொன்னார். மாதவிலக்கு நின்றபோது, "சனியன் விட்டுதுன்னு இரு" என்றார். அப்பா பொங்கியண்ணனோ, தன் மகள் இரண்டு இட்டிலியில் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறாள் என்று வடகரப்பதி ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து, பந்தயத்தின் நடுவே, யாரும் தள்ளாமலே அவள் தொடையெலும்பு முறிந்தது. கோச் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பால் சொசைட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைப் போன வருடம் பாலக்காட்டில் டாக்டர்களின் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தார்கள். திரையில் அவளுடைய எலும்புப் படம். பெயர் இல்லை, வெறும் பதினான்காம் எண் நோயாளி.

உணவுக் குறைவு, மாதவிலக்குக் கோளாறு, எலும்புத் தேய்வு, இந்த மூன்றும்தான் நோய், மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பழைய பெயரே போதும் என்றார் தாடிக்கார டாக்டர். ஆண்களுக்கும் வருகிறது, இதயம் குடல் மனசு எல்லாம் கெடுகிறது, புதுப்பெயர்தான் சரி என்றார் கண்ணாடிக்காரர். உணவுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று மூன்றாமவர் இருவரையும் மடக்கினார். ஒன்றரை மணி நேரம் அந்தப் பெயர்களின் இங்கிலீஷ் சுருக்கெழுத்துகளை ஒருவர்மீது ஒருவர் வீசிக்கொண்டார்கள். அவளை அழைத்தது அப்புறம்தான் கருத்தரங்குத் தலைவருக்கு நினைவு வந்தது.

"உங்களுக்கு எந்தப் பேரு பொருத்தமாத் தோணுது?"

"ஏனுங்க, சோறு போடாம ஓட உட்டாங்க. எலும்பு ஒடஞ்சு போச்சு. இதுக்குப் பேரு வெக்க இத்தன பேருங்களா?"

"நான் சொன்னதும் அதுதான்" என்றார் தாடிக்காரர். "இல்லை, அது என் கட்சி" என்றார் கண்ணாடிக்காரர்.

டீ குடிக்கும்போது சிவசங்கரி என்ற இளம் டாக்டர் ஒருத்திதான் கேட்டாள்: "அதுக்கப்பறம் எலும்ப ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அப்புறம் எடுத்துப் பார்த்தபோது, இருபத்தெட்டு வயதில் கிழவியின் எலும்பு. அன்று உருப்படியான பேச்சு அந்த ஐந்து நிமிடம்தான்.

கருத்தரங்கைப் பற்றி டாக்டர்கள் எழுதிய கட்டுரை வெளிவந்தது. பெயரில் ஒருமித்த கருத்து இல்லை என்று முடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு, தான் ஓடிப் பழகிய மைதானத்துக்குப் போனாள். பூபதிராஜா பல்லை இளித்துக்கொண்டு, "வா, புள்ளைங்களுக்கு நாலு வார்த்த சொல்லு" என்றார்.

சொன்னாள். "மாசாமாசம் வர்றது நின்னுபோச்சுன்னா ஓட்டத்த நிறுத்திப்போட்டு டாக்டர்கிட்டப் போங்க. இந்தாளு பட்டினி கெடக்கச் சொன்னா காதுலயே வாங்காதீங்க."

"தோத்தவ வயித்தெரிச்சல்" என்று அவர் விசிலை ஊதினார். இரண்டு பெண்கள் ஓட்டக் கோட்டிலிருந்து விலகி அவளிடம் வந்தார்கள். மற்றவர்கள் ஓடினார்கள்.