சீட்டில் எழுதியிருந்த வயிறு

ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆளின் முகம் மறந்துபோகும், வயிறு மறக்காது. கோவில்பட்டியில் அப்படி ஓர் இடத்தில் பெயர் கூப்பிடுவதும் தண்ணீர் குடிக்க வைப்பதும், ஸ்கேன் முடிந்ததும் வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துவிடுவதும் என் வேலை. ஊராரைக் கவனித்துக்கொண்டே தன் பிள்ளை சாப்பிட்டதோ என்று தவிக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். என் மகள் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். பொங்கலுக்கும் வரவில்லை.

முட்ட முட்டத் தண்ணீர்

அடிவயிற்று ஸ்கேனுக்கு மூத்திரம் முட்ட வேண்டும். நாகலாபுரத்துப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள் ஒரு லிட்டரையும் குடித்து முடித்தபோது கரண்ட் போய்விட்டது. நான் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லியே அரை மணி நேரம் ஓட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நெளிந்தவள் சொன்னாள்:

"எங்க ஊர்ல தண்ணி பிடிக்கத்தான் காத்துக் கெடப்போம். இங்கன குடிச்சிட்டும் காத்துக் கெடக்க வச்சிட்டியே, தாயி!"

ஆட்டுக்காரர்

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி "அப்டமன்" என்றேன். அப்படியென்றால்? வயிறு. வயிறு என்றே எழுதினால் என்னவாம்? அவர் சீட்டை மடித்துக்கொண்டார்.

"செனை ஆட்டத் தடவிப் பாத்தே குட்டி எத்தனைன்னு சொல்லிருவேன். என் வயித்துக்குத்தான் சீட்டு எழுதி இங்கன அனுப்பிட்டாவ."

டாக்டரம்மா சொன்னது

அவர் கேட்டது மனசில் கிடந்து அரித்தது. மதியம், ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மா டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். அப்டமன் என்பது லத்தீன் சொல்லாம், ரொம்பப் பழசாம். குடல், ஈரல் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடியிருப்பதால், 'ஒளித்துவை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்களாம். எல்லாரும் அதை ஒப்புக்கொள்வதில்லையாம்.

"நிச்சயமாத் தெரியாதுக்கா. ஆனா ஒளிஞ்சிருக்கிறதத் தேடித்தான் எனக்குக் கண்ணு போகுது" என்றார்.

மகளின் போன்

மகளிடம் 'சாப்பிட்டியா, எப்ப வாரே' என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. அவளுக்கு அது எரிச்சல். புதிதாக ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் அன்று இந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ மெதுவாக வேறொன்று சொன்னாள். பொங்கலுக்கு முந்தின வாரம் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருக்கிறது. கூட இருந்தது ஹாஸ்டல் பிள்ளைகள்.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ பஸ் ஏறுதுக்குள்ள அழுது ஊரைக் கூட்டிருவ. ஸ்கேன் எடுத்து முடிஞ்சதும் ஒரு அக்கா வயித்துல இருந்த பசையத் துடைச்சுவிட்டாவும்மா. நீதானோன்னு கண்ணத் தொறந்து பாத்தேன்."

இங்கே தினமும் அதே வேலையைச் செய்கிற எனக்கு, முகம் தெரியாத அந்தப் பெண்மேல் நன்றியைவிடப் பொறாமைதான் கொஞ்சம் கூடுதல்.