மின்கோபுரத்தின் அடியில் நின்ற மான்

என் தம்பி டனிஸ்ரனைப் பற்றி யாராவது கேட்டால் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். மன்னாரிலிருந்து வந்து, மொன்ட்ரியால்-நோரில் உள்ள யன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டுகிறான். வேட்டைக்காரர் பரீட்சையைப் பிரெஞ்சில் எழுதி முதல் தரமே சித்தியடைந்தவன். எங்கள் கோயில் பங்கில் வேறு ஒருவரும் அதைச் செய்ததில்லை. பூசை முடிந்து வெளியே நிற்பவர்களிடம் இதையும் அவன் குறி தப்பாது என்பதையும் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சென்ற வருடத்திலிருந்து நான் அந்தப் பேச்சை எடுத்தால் அவன் காரைத் திறந்து உள்ளே போய் இருந்துவிடுவான்.

வேட்டை பழக்கியவர் ஜீல். தொழிற்சாலையில் அவனுக்கு மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற கியூபெக்காரர். ஜொலியெற்றுக்கு வடக்கே அவருக்குக் கொஞ்சக் காடும், மரத்தில் கட்டிய ஒரு பரணும் உண்டு. தம்பி பாவித்ததும் அவருடைய வேட்டைத் துவக்கைத்தான்.

போன நவம்பரில் முதல் பனி விழுந்த ஒரு காலை, தம்பி பரணில் தனியே இருந்தான். பரணுக்கு முன்னால் காட்டை வெட்டி மின்கம்பி கொண்டுபோகும் அகலமான பாதை. அதில் ஒரு மின்கோபுரத்தின் அடியில் ஆண்மான் ஒன்று வந்து நின்றது. சுட்டான். மான் விழவில்லை. முன்னங்காலை இழுத்துக்கொண்டு ஓடியது. அவனும் ஜீலும் மத்தியானம் கழியும்வரை பனியில் இரத்தச் சொட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். சதுப்புக்கு வந்ததும் தடம் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

"எவ்வளவு தூரத்தில சுட்டனீ?" என்று ஜீல் கேட்டிருக்கிறார்.

"நூறு மீற்றர்."

அந்தத் துவக்கை நூறு மீற்றருக்குக் குறி சரிபார்த்து வைத்தவர் ஜீல். அந்த வருடம்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார். "அப்ப பிழை என்ரை கண்ணிலதான்" என்றாராம். தம்பி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

அதே கிழமை ஜீலின் மருமகன் சுட்ட மானில் இரண்டு பொதி இறைச்சி எங்களுக்கு வந்தது. ஜீல்தான் அனுப்பியிருந்தார். தம்பி அதைச் சமைக்க விடவில்லை. என் உறைபெட்டியின் அடியில் கிடந்தது.

இந்தச் செப்டெம்பரில் ஜீல் போன் எடுத்தார். இனிக் காட்டுக்கு வரமாட்டேன், துவக்கை மருமகனுக்குக் கொடுக்கப்போகிறேன், பரண் மட்டும் உனக்கு எப்போதும் திறந்திருக்கும் என்றார். தம்பி போனை வைத்துவிட்டு, "அக்கா, நான் ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கப்போறன்" என்றான். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. அவன் கையில் இருந்தது முந்நூறு டொலர்தான். அதனால் நானும் கூடப் போனேன். தையல் ஆலையில் தைத்த உடுப்பைப் பரிசோதிப்பது என் வேலை. ஒரு பொருளை நான் திருப்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

கடையில் தம்பியின் கை நேரே ஸ்பொட்டிங் ஸ்கோப்புக்குப் போனது. முக்காலியில் பூட்டி வெகுதூரத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி அது. பக்கத்து அலுமாரியில், தூரத்தை அளந்து சொல்லும் சின்ன ரேஞ்ச்ஃபைண்டர்கள் இருந்தன. அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"எங்க வேட்டையாடுறீங்கள்?" என்று கடைப் பெண் கேட்டாள்.

"காட்டுக்குள்ள. பரணில."

"அப்ப இதால மரப்பட்டையை நல்ல பெரிசாப் பாக்கலாம்" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பிக்கு வரவில்லை.

அவள் ஒரு ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து என் கையில் தந்தாள். மலிவாக வேறொன்றும் இருந்தது, ஆனால் அது கோல்ஃப் விளையாடுபவர்களுக்கானது; முன்னுக்கு நிற்பதைத்தான் அளக்கும், காட்டில் மானை விட்டுவிட்டுக் முன்னால் நிற்கும் மரக்கொப்பின் தூரத்தைச் சொல்லும் என்றாள். என் கையில் இருந்ததன் பெட்டியில் அறுநூறு மீற்றர் என்று போட்டிருந்தது. மானுக்கும் அறுநூறா என்று கேட்டேன்.

"இல்லை. அது மினுங்கிற பலகைக்கு. மானெண்டால் அதில மூண்டில ஒண்டு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

"உது போதும். இதை எடுப்பம்" என்றேன்.

"எனக்கு அது தேவையில்லை அக்கா. தூரம் எனக்குக் கண்ணால தெரியும்."

"தெரிஞ்சால் அளந்து பாக்கிறதில என்ன நட்டம்?"

அவன் முகம் போன போக்கை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். வாங்கிக் கொடுத்த பெருமையில் கவனிக்கவில்லை. மறுநாள் செயின்ட்-மிஷேல் பூங்காவில் அளவுநாடாவை விரித்து நாற்பது மீற்றர் அளந்து, கருவியையும் வைத்துப் பார்த்தேன். நாற்பது என்றே காட்டியது.

ஒக்டோபரில் பரணைத் துப்புரவு செய்ய இருவரும் போனோம். இலை கொட்டிப் பாதை திறந்து கிடந்தது. தம்பி ஏணியில் ஏறிப் பரணில் இருந்தான். நான் கீழே நின்றேன்.

"அந்தக் கோபுரம்தானே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"பொத்தானை அமத்திப் பார்."

அவன் கருவியைக் கண்ணில் வைத்தான். பிறகு எடுத்தான். திரும்பவும் வைத்தான்.

"எவ்வளவு?"

அவன் இறங்கி வந்து கருவியை என்னிடம் தந்தான். ஏணியில் ஏறி நானே அளந்தேன். இருநூற்றுப் பதினான்கு. கை அசைந்து பிழையாகக் காட்டியிருக்கும் என்று கோபுரத்தின் மற்றக் காலையும் அளந்தேன். இருநூற்றுப் பதினைந்து. நூறுக்குக் குறி வைத்த துவக்கில் அந்தத் தூரத்துக்குக் குண்டு நன்றாகத் தாழ்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்தது காலில் பட்டிருக்கிறது.

நான் இறங்கியபோது அவன் ஒரு கட்டையில் குந்தியிருந்தான்.

"பனி மூடிக் கிடந்ததடா, பாதை கிட்டத் தெரிஞ்சிருக்கும். ஆருக்கும் அப்பிடித்தான்" என்றேன். "போன வருசத்துக் கதை. இதை ஏன் இனி ஜீலிட்டைப் போய்ச் சொல்லுவான்? ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

"எனக்குத் தெரியும். அண்டைக்கே கொஞ்சம் தெரியும் அக்கா. சுடேக்க தூரமோ எண்டு ஒருக்கா நினைச்சனான். அந்தாள் கேக்கேக்க வாயில நூறு எண்டுதான் வந்தது. நீங்கள் கோயிலடியில எல்லாருக்கும் சொல்லுவீங்களே, தம்பி நூறு மீற்றரில குறி தப்பான் எண்டு."

இருவரும் காரில் ஏறினோம். கார் ஜீலின் வீட்டுக்குத்தான் போகிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தேன்.

ஜீல் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "போன்ஜூர், அக்னெஸ்" என்றார் என்னிடம். தம்பி கைகுலுக்காமலே சொன்னான்.

"அண்டைக்கு நூறு இல்லை ஜீல். இருநூற்றுப் பதினாலு. இப்பதான் அளந்தனான். உங்கடை குறியில பிழை இல்லை."

ஜீல் கையில் இருந்த விறகைக் கீழே வைத்தார்.

"நூறெண்டு நினைச்சியோ, இல்லாட்டிச் சும்மா சொன்னியோ?"

"சந்தேகம் இருந்தது. சொல்லேல்லை."

"ஒரு வருசமா?"

"ஓம்."

"ஒரு வருசமா நான் இந்தக் கண்ணைத் திட்டிக்கொண்டு திரியிறன்" என்றார் ஜீல். குரல் உயரவில்லை. "துவக்கைப் போன ஞாயிறு மருமகன் கொண்டு போயிட்டான். நான்தான் கூப்பிட்டுக் குடுத்தனான்."

தம்பி கருவியை உறையோடு நீட்டினான். ஜீல் அதைத் தொடவில்லை. தெருவுக்கு அப்பால் நின்ற ஒரு மேப்பிள் மரத்தை மோவாயால் காட்டினார்.

"அறுபது" என்றார். "இப்ப அமத்து."

தம்பி அமத்தினான். "அறுபத்திரண்டு."

அவர் கண்ணால் சொன்னதில் இரண்டு மீற்றர்தான் வித்தியாசம். ஜீல் குனிந்து விறகை எடுத்து அடுக்கத் தொடங்கினார். தம்பியும் மறுபக்கம் போய் அடுக்கினான். முடிந்ததும் ஜீல் சொன்னார்:

"வேட்டைக் காலம் திறக்கிற சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. துவக்கு இல்லை. சும்மா பரணில இருப்பம். நீ முதல்ல வாயால சொல்லு, பேந்துதான் அமத்து. பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை, நினைச்சதைச் சொல்லு."

திரும்பி வரும்போது தம்பி காரை மெதுவாக ஓட்டினான். தூரத்தில் ஒரு பாலம் தெரிந்ததும், "முந்நூறு" என்றான். நான் மடியில் இருந்த கருவியை எடுத்தேன். பிறகு உறைக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

இறைச்சிப் பொதிகள் இன்னும் உறைபெட்டியின் அடியில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை முடிந்து வந்து சமைக்கச் சொல்கிறானோ தெரியாது. கோயிலடியில் இப்போது தம்பியைப் பற்றிக் கேட்டால், சுகமாக இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறேன்.