வத்ராப் போகாத பஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தைச் சுற்றிய ஊர்களில் வீதி நாடகம் போட்டுத் திரிந்தோம். பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புக்கு ஆள் சேர்ப்பதுதான் நோக்கம். படிக்கத் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிடும் பெண்ணாக நான் நடிப்பேன். மீசையை எடுக்க மனசில்லாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுவேன். ஊரே சிரிக்கும். "எவன் கத்துனாலும் நம்பாத, எழுத்தை நம்பு" என்பது நானே எழுதிய வசனம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

சோழபுரத்தில் அதைப் பார்த்துவிட்டுக் களையெடுக்கப் போகும் அக்கா ஒருவர் வகுப்பில் சேர்ந்தார். அவருக்காகவே அவர் தெருவும் சேர்ந்தது. சில மாதங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தார். வத்ராப்பில் இருக்கும் மகள் வீட்டுக்குத் தனியாகப் போய்வரப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரம் மறுபடி அங்கே நாடகம். பஸ் போர்டைப் படித்து நான் பெருமையாக ஏறும் கட்டத்தில் அக்கா எழுந்தார்.

"நிப்பாட்டுப்பா. அம்புட்டும் பொய். வில்லிபுத்தூர் ஸ்டாண்டுல கால் கடுக்க நின்னேன். வத்ராப்னு போட்ட பஸ் ஒண்ணுகூட வரல. வத்திராயிருப்புன்னு மூணு போச்சு, அது எந்த ஊரோ. கண்டக்டர் வத்ராப்னுதான் கத்துனான். நீதான நம்பாதன்னு சொன்ன? திரும்பி வந்துட்டேன். இனி எனக்கு வகுப்பு வேண்டாம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். பிறந்ததிலிருந்து வத்ராப் என்றே சொல்லிப் பழகிய எங்களில் ஒருவருக்கும் இதைச் சொல்லித்தரத் தோன்றவில்லை. அக்கா விலகினால் வகுப்பே கலைந்துவிடும்.

நாடகத்தில் பஸ் போர்டாக வைத்திருந்த அட்டையைத் திருப்பி, கரியால் வத்திராயிருப்பு என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். "அக்கா, அன்னைக்கு நடந்ததை நடிச்சுக் காட்டுங்க." சேலையை வரிந்துகட்டிக்கொண்டு நான் கண்டக்டர் ஆனேன். "வத்ராப், வத்ராப்" என்று கத்தினேன்.

"போர்டுல வத்திராயிருப்புன்னுல்ல இருக்கு" என்றார் அக்கா.

"ரெண்டும் ஒரே ஊருதான்க்கா. எழுதுறது அது, நாங்க சொல்றது இது. சொல்லித்தராதது எங்க தப்பு."

கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அட்டையை எழுத்தெழுத்தாக விரலால் தடவினார். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னார்:

"ஏட்டி, நாளைக்கு வகுப்புக்கு வந்துரு. மூணு பஸ்ஸையும் நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்."