முளைக்காத கொட்டாங்கச்சியோடு குளத்தூர்ப் பக்கம்

டிசம்பர் 24, காலை 5.40. திருச்சி ஜங்ஷனில் இறங்கும்போது என் இடுப்பில் ஒன்றரை வயது மகன் ஆல்வின், தோளில் இரண்டு பைகள். பின்னால் என் மகள் ஜெனி, வயது ஐந்தே கால், இரண்டு கைகளாலும் ஒரு கொட்டாங்கச்சியை ஏந்திக்கொண்டு வந்தாள். கொட்டாங்கச்சிக்குள் ஈர மண். மண்ணுக்கு மேலே ஒரு துளிப் பச்சைகூட இல்லை. அதுதான் இந்தப் பயணம் முழுக்க எனக்குத் தலைவலி.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா சகாயம் அண்ணி வாழ்க்கைப்பட்ட ஊர், புதுக்கோட்டை மாவட்டத்தில் குளத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வாங்குவதில்லை. பன்னிரண்டு நாள் முன்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைப்பார்கள். இருபத்துநாலாம் தேதி அந்தப் பயிர்தான் குடிலுக்குப் புல்வெளி. "ஜெனியையும் அங்கயே வெதைக்கச் சொல்லி எடுத்துட்டு வா" என்று அண்ணி போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் நேரம். "வெதைச்ச அன்னையிலேருந்து பொய் சொல்லக் கூடாது, யாரையும் அடிக்கக் கூடாது. அப்பத்தான் நல்லா வரும்" என்று ஜெனியிடமும் சொல்லிவிட்டார்.

ஜெனி அதைக் கல்வெட்டில் வெட்டிய மாதிரி மனதில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், கொட்டாங்கச்சியை இழுத்த தம்பியை முதுகில் ஒரு சாத்துச் சாத்தினாள். அதன் பிறகு விதை முளைக்கவில்லை. "நான் கெட்ட பொண்ணாம்மா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. "லேட்டா வரும்டா" என்று நானும் சமாளிக்காத நாள் கிடையாது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இந்த வழுக்கை மண்ணை மடியில் வைத்துக்கொண்டு அவளும், அவளை வைத்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தோம்.

காலை 6.30. புதுக்கோட்டை பஸ். கீரனூருக்கு முப்பது ரூபாய். கண்டக்டர் ஜெனியைப் பார்த்து, "பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க?" என்றார்.

"நாலுதாங்க" என்றேன். ஐந்து வரைக்கும் டிக்கெட் இல்லையே! பழக்கதோஷம்.

"எனக்கு அஞ்சே கால்" என்றாள் ஜெனி, பஸ்ஸுக்கே கேட்கும்படி. "அம்மா, பொய் சொல்லாதம்மா, முளைக்காது!"

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு அரை டிக்கெட்டைக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தார். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. முன்சீட்டுக்காரர் வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மழை நன்றாகப் பெய்திருந்த வருஷம். கண்மாய்கள் தளும்பிக் கிடந்தன. செம்மண் மேட்டில் தைல மரத்தோப்பு, பள்ளத்தில் சம்பா பயிர் என்று மாறி மாறி வந்தது. இவ்வளவு பச்சையையும் பார்த்துவிட்டு, என் மகள் தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

காலை 7.50. கீரனூரிலிருந்து ஆட்டோ, ஒன்பது கிலோமீட்டர், இருநூறு ரூபாய். ஓட்டுநர் ஒரு முஸ்லிம் பெரியவர். கண்ணாடி வழியாகக் கொட்டாங்கச்சியைப் பார்த்தவர், "என்னங்க, மார்கழியில மொளப்பாரியா?" என்றார்.

"குடிலுக்குங்க."

"அட, ஆமா. அங்கிட்டு எல்லா வீட்டுலயும் போடுவாகளே. இந்நேரம் சாண் ஒசரம் வந்திருக்கணுமே, ஒண்ணையும் காணோம்?"

நல்ல மனுஷர், தெரியாமல் கேட்டார். ஜெனியின் முகம் சுண்டிப்போனது.

காலை 8.20. ஊரில் முப்பது வீடு இருக்கலாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூங்கில் கம்பு நட்டு, அதன் உச்சியில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். அண்ணி வீட்டு வாசலிலிருந்து அவர் பிள்ளைகள் மூன்று பேரும் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள்: ரோஸ்லின், பத்து வயது, ஜெரால்டு, ஏழு, பிரின்சி, நாலு. "வா ஸ்டெல்லா, புள்ளைக என்ன இப்படி எளச்சுப் போச்சுக!" என்று அண்ணி ஆல்வினை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அவர் கணவர் அந்தோணி அண்ணன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து, "வாத்தா, பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" என்றார்.

கூடத்தில் குடிலைப் பார்த்ததும் அசந்துபோனேன். நான் வீட்டில் வைக்கும் குடில் டப்பாவிலிருந்து எடுத்து மேஜையில் நிறுத்துவது. இவர்கள் குடில் சுவர் ஓரத்தில் எட்டடிக்கு விரிந்து கிடந்தது. கண்மாய் மண்ணைக் குழைத்து மலை கட்டி, பனை ஓலையில் கொட்டகை போட்டு, நடுவில் ஒரு சட்டியைப் புதைத்துக் குளமாக்கி அதில் உயிருள்ள கெண்டைக் குஞ்சுகளையும் விட்டிருந்தார்கள். எல்லாம் பிள்ளைகளின் கைவேலை. மலையில் விரல் தடம்கூட அப்படியே இருந்தது. பக்கத்தில் மூன்று கொட்டாங்கச்சிகள். அப்பப்பா, அந்தப் பச்சை! தொட்டால் விரல் கூசும் அளவுக்கு அடர்த்தி.

ஜெனி தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

காலை 11 மணி. பிள்ளைகள் கொல்லைப் பக்கம் விளையாடப் போன நேரம். அந்தோணி அண்ணன் ஜெனியின் கொட்டாங்கச்சியைத் தூக்கி, நகத்தால் மண்ணைக் கிளறினார். நாலைந்து தானியத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"ஏத்தா, இது வறுத்த கேப்பையா? ஊறிப்போய்க் கெடக்கே தவிர, கண்ணே தொறக்கலையே."

எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் நீல மூடி போட்ட பாட்டில் அப்போதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆல்வினின் சத்துமாவுக்காக நான் கழுவி, காயவைத்து, மணக்க மணக்க வறுத்து வைத்த கேழ்வரகு. ஜெனி வந்து நின்றபோது அதிலிருந்துதான் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். ஊரிலே எவளாவது வறுத்த விதையைப் பிள்ளை கையில் கொடுப்பாளா? நான் கொடுத்திருக்கிறேன்.

"தெரியலண்ணே, கடையில வாங்கினது" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரித்தா" என்று சொல்லிவிட்டுக் கொட்டாங்கச்சியை இருந்த இடத்திலேயே வைத்தார். ஏன் அப்படிச் சொன்னேன்? நாத்தனார் வீட்டில், மெட்ராஸ்காரிக்கு வறுத்தது எது பச்சை எது என்றுகூடத் தெரியவில்லை என்று பேச்சு வரும். அந்த அசிங்கத்துக்குப் பயந்தேன். அங்கே கொல்லையில் என் மகள் தன்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறாள் என்பது தெரிந்தே பயந்தேன்.

மத்தியானம் ரோஸ்லினைத் தனியாகக் கூப்பிட்டு, பயிர் முளைத்த கொட்டாங்கச்சி மிச்சம் ஏதாவது இருக்கிறதா, யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிடலாமா என்று கேட்டேன். "அத்த, அது ஏமாத்து வேலைல்ல?" என்றாள். போதுமடா சாமி.

மாலை 5.30. அந்த ஊருக்கு ஏழு மணிக்குத்தான் பூசை. பங்குச் சாமியார் நாலைந்து ஊருக்குப் போய்வர வேண்டும். அதற்கு முன்னால், கொட்டாங்கச்சிகளைக் குடிலில் வைப்பதற்கு வீட்டில் ஒரு முறை உண்டு. அதற்குச் "சமாதானம்" என்று பேர். ஜெபம் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நான் சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரி ஸ்டெல்லா" என்றார் அண்ணி. "நாக்காலி புள்ளைகளுக்கு. இன்னைக்கி மட்டும் நம்ம தரையில."

ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆல்வின் உட்பட ஐந்து பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்தார்கள், மடியில் ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. ஆல்வின் மடியில் மட்டும் ஒரு பிஸ்கட். "கடவுளே கைப்புள்ளையா வந்த நாளு. இன்னைக்கி அதுகதான் பெரியவுக. நம்ம மன்னிப்புக் கேக்கணும்" என்றார் அண்ணி, சோறு வடிப்பதைப் பற்றிச் சொல்வது போல.

அந்தோணி அண்ணன் ரோஸ்லினுக்கு முன்னால் சம்மணமிட்டார். ஆறடி ஆள். கரகரவென்று தொண்டையைச் செருமினார். "பரீட்சையில மார்க்கு கொறஞ்சதுக்கு, பக்கத்து வீட்டு ஆளுக முன்னாடி ஒன்னைய மக்குன்னு சொல்லிட்டேன். ஒனக்கு எப்படி இருந்திருக்கும்! தப்புத்தான். மன்னிச்சுக்க ஆத்தா."

ரோஸ்லின் குனிந்து, தகப்பன் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டாள். தூங்கப் போகும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் போடுவார்களே, அதே சிலுவை. பெற்ற பிள்ளையிடம் ஒரு தகப்பன் இப்படிக் கேட்டு என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

அடுத்து ஜெரால்டு. "ஒன் சைக்கிள் செயினு மாட்டித் தாரேன்னு சொல்லிச் சொல்லி ஏமாத்திட்டேன், மன்னிச்சுக்க" என்றார்.

"முடியாது. இன்னும் மாட்டலைல்ல?"

பிள்ளை மன்னிக்காவிட்டால் அவன் கொட்டாங்கச்சி குடிலுக்குப் போகக் கூடாதாம்! எழுந்தார் மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செயினை மாட்டினார். பத்து நிமிஷம் நாங்கள் எல்லோரும் தரையில் காத்திருந்தோம். ஜெரால்டு நாற்காலியிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, "பெடல சுத்திப் பாருங்க" என்று மேஸ்திரி வேலை செய்தான். கிரீஸ் கையோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் சிலுவை கிடைத்தது. அண்ணி பிரின்சியிடம், கதை கேட்டபோதெல்லாம் விரட்டியடித்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜெனியின் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. மடியில் அந்த வெறும் மண். சின்னதாக ஒன்றைச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நான் கத்தறேன்ல..." என்று தொடங்கினேன். அவள் என்னை அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தாள். என்னால் முடியவில்லை.

"ஜெனி, நான் கொடுத்த கேழ்வரகு வறுத்தது. சத்துமாவுக்கு வச்சிருந்தது. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது முளைக்காது. தப்பு உன்னுது இல்ல, என்னுது. இன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். மாமா கேட்டப்போ பொய் சொன்னேன். உன்கிட்டயும் சொல்லல. மன்னிச்சுடும்மா."

அண்ணி என்ன நினைப்பாரோ என்ற கவலை எங்கே போனதோ தெரியவில்லை.

"நான் தம்பிய அடிச்சதால இல்லையா?"

"இல்லடா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொட்டாங்கச்சி மண்ணை விரலால் ஒரு தடவை கிளறினாள். பிறகு மண் ஒட்டிய விரலால் என் நெற்றியில் கோணல் மாணலாக ஒரு சிலுவை போட்டாள். நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"ஆனா நான் அடிச்சேன்லம்மா" என்றாள்.

நேராகப் போய் ஆல்வினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "தம்பி, முதுகுல அடிச்சுட்டேன். சாரிடா." அவனுக்கு என்ன புரிந்ததோ, பிஸ்கட் கையால் அவள் நெற்றியில் பட்டென்று ஒன்று வைத்தான்.

"மன்னிச்சுட்டான், மன்னிச்சுட்டான்!" என்று ஜெரால்டு கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பில்லை என்று நான் கதவைத் திறந்து விட்ட பிறகும் தப்பித்துப் போகாத பிள்ளை. என் வயிற்றில் பிறந்ததா இது என்று பிரமித்துப் போனேன்.

"இப்ப இவ கொட்டாங்கச்சிய என்ன பண்றது?" என்றார் அண்ணி.

"மொளைக்கலன்னா என்ன, நடவு போட்டுருவோம்" என்றான் ஜெரால்டு. விவசாயி வீட்டுப் பிள்ளை வாயில் வேறென்ன வரும்? மூன்று பேரும் தங்கள் பயிரிலிருந்து வேர் அறாமல் நாலு நாலாகப் பிடுங்கினார்கள். ரோஸ்லின் மண்ணைச் சேறாகக் குழைத்துக் கொடுத்தாள். எப்படி விரலால் அழுத்தி நட வேண்டும் என்று நாலு வயது பிரின்சி ஜெனிக்குக் காட்டிக் கொடுத்தாள். "இப்பத் தொங்கும். வெடிஞ்சா நிமிந்துரும்" என்றான் ஜெரால்டு. நால்வருடையதும் குடிலில் ஏறின. பூசைக்குப் பிந்தாமல் போய்ச் சேர்ந்தோம்.

டிசம்பர் 26, காலை 9.15. கீரனூர் பஸ் ஸ்டாப். ஊருக்குத் திரும்புகிறோம். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு குறையும் கிடையாது: கேக், புதுத்துணி, வண்ண விளக்கு. என் மகளிடம் "நான் செய்தது தப்பு" என்று சொன்னது மட்டும் இதுதான் முதல் தடவை. அதற்கு நான் ஒரு ராத்திரி ரயிலும் ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் ஏறி வரவேண்டியிருந்தது.

ஜெனி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ நாளைக்கு ஏதாவது தப்பு பண்ணினா, அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் வெயிட் பண்ணணுமா?"

"வேண்டாம்டா. அன்னன்னைக்கே சொல்லிடறேன்."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அப்ப எனக்குத் தெனமும் நாற்காலி போடணும்" என்றாள்.