பூஜைக்குப் பிடித்து வைத்த குட்டி

எங்கள் ஊர் ஓசூருக்குத் தெற்கே, காட்டை ஒட்டி இருந்தது. ஐம்பதுகளின் நடுவில், ராகி அறுப்புக்கு முன்னால் ஒரு காலையில், எங்கள் கிணற்றில் யானைக்குட்டி விழுந்துவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆண்கள் கரையை வெட்டிச் சரித்து அதை மேலே ஏற்றினார்கள். தாய் யானை ஏரிக்கரை மூங்கில் புதரில் நின்றுகொண்டிருந்தது. குட்டியை விட்டிருந்தால் நேராக அதனிடம் போயிருக்கும்.

விட வேண்டாம் என்றது நான்தான். கல்யாணமாகி நாலு வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. ஊரே அதை என் முகத்துக்கு நேராகச் சொல்லும். மாமனார் முன்னால் வாய் திறக்காதவள், அன்று திறந்தேன்.

“மாமா, புள்ளையாரே ஊட்டுக்கு வந்திருக்காரு. ஒரு பூஜை பண்ணிட்டு உடலாங்களா?”

யார் வேண்டாம் என்பார்கள்? புளியமரத்தில் கட்டி, மஞ்சள் பூசி, அருகம்புல் மாலை போட்டு, தமட்டை மேளம் அடித்தார்கள். பக்கத்து ஊர் ஜனமும் சேர்ந்துகொண்டது. சத்தம் சாயங்காலம் வரை ஓயவில்லை. அவிழ்த்துவிட்டபோது மூங்கில் புதர் காலியாக இருந்தது. குட்டி ஏரி வரை போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் பின்னாலேயே திரும்பி வந்தது. மூன்று நாள் காத்திருந்தோம், தாயும் யானைக்கூட்டமும் வரவில்லை. காட்டிலாகாக்காரர்கள் அதை லாரியில் ஏற்றி, மாநில எல்லைக்கு அப்பால் ஒரு மிருகக்காட்சிசாலையில் விட்டார்கள்.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. பிள்ளையார் கொடுத்தது என்றார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது.

மகளுக்கு இரண்டு வயதானபோது, நானும் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு எல்லையிலுள்ள ஜூஜுவாடி வழியாக பஸ்ஸில் அந்த மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். ஓசூர்க் குட்டி என்று கேட்டதும் காட்டினார்கள். காலில் சங்கிலி. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பக் காட்டில் விட முடியாதா என்று பாகனிடம் கேட்டேன்.

“எங்கம்மா போவும்? அதுக்குக் காடே தெரியாதே. இங்க வேளாவேளைக்குத் தீனி, வைத்தியம். ஒரு கொறையும் இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. உடம்பு நன்றாகத்தான் தேறியிருந்தது.

அங்கேயே வாழைப்பழம் விற்றார்கள். எல்லாரையும் போல நானும் ஒன்று வாங்கி நீட்டினேன். அது தின்றுவிட்டு, பழக்கியிருந்தபடி தும்பிக்கையைத் தூக்கி, எனக்கும் ஒரு சலாம் போட்டது.