பின்னால் வராதீர்கள்

நான் வந்து குடியேறிய, பிரெஞ்சு பேசும் மாகாணத்தில், ரொக்ஸ்பரோவில் ஒரு மண்டபம். சனிக்கிழமை காலையில் வசதியான வெள்ளைக்காரர்கள் அதற்குள் கூடி, இல்லாத கதவொன்றை மெல்ல மெல்லத் தள்ளுகிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இப்படி நின்றிருந்தால் வீட்டுக்காரர் பூசாரியிடம் கூட்டிப்போயிருப்பார்கள். இங்கே அதற்குப் பெயர் தாய் சி, மனதை அமைதியாக்கும் பயிற்சியாம். அந்த வரிசையில் நானும் நின்றேன். விரும்பியல்ல, தலைவிதியே என்று.

துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஒருநாள் மேற்பார்வையாளன் பின்னால் வந்து சிநேகமாகத் தோளில் கை போட்டான். என் முழங்கை அவன் நெஞ்சில் இடிக்க, ஆள் பெட்டிகளுக்குள் விழுந்தான். பின்னால் வந்து தொட்டால் என் உடம்பு என் சொல் கேட்காது என்று விளங்கப்படுத்தினேன். யார் கேட்டது? கோபக்காரன் என்று முடிவுகட்டி வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தாய் சி பழக வேண்டும், ஆசிரியை திருப்தி என்று சொன்னால்தான் திரும்ப வேலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாயைப் பொத்திக்கொண்டு போய் நில்லுங்கோ. இந்த வயசில வேற வேலை ஆர் தரப்போறான்?” என்றாள் மனைவி ரெஜினா.

முதல் வகுப்பில் கைகளைத் தோள்மட்டத்துக்கு உயர்த்தச் சொன்னாள் ஆசிரியை ழூலி. என் கைகள் தலைக்கு மேலே போய், விரல்களும் விரிந்து நின்றன. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரியுங்கள். யுத்தக் காலத்தில் வவுனியா இராணுவச் சோதனைச்சாவடியில் நாங்கள் அப்படித்தான் நின்றோம். பின்னாலிருந்து ஒருவன் தோள் தொடங்கிக் கால்வரை தடவுவான். திரும்பினால் துவக்குப்பிடி பிடரியில் விழும். எனக்கு ஒருமுறை விழுந்தது. அன்று திரும்பாமல் நிற்கப் பழகிய உடம்புதான் இன்று கேட்காமலே திரும்புகிறது.

அடுத்த கிழமை கண்களை மூடச் சொன்னாள். மூடியதும் பின்னால் வந்து என் தோளைத் திருத்தினாள். அடுத்த கணம் அவள் மணிக்கட்டு என் பிடியில் முறுகி, அவள் ஒரு முழங்காலில் இருந்தாள். வேலை போச்சு என்று நினைத்தேன்.

அவள் எழும்பிக் கையை உதறிவிட்டு, இந்த அசைவு பிறந்ததே இதற்குத்தான் என்றாள். கொக்குச் சிறகு விரிப்பதுபோல் நாங்கள் அழகாகச் செய்வது அடியைத் தடுக்கும் கையாம். மேகம்போல் அசைவது எதிராளியின் வேகத்தை வாங்கி அவனையே விழுத்துவதாம். ஒருவனைத் தள்ளியதற்குத் தண்டனையாக, தள்ளுவதற்கே பயிற்சி. நல்ல நியாயம்.

“ஆனால் இங்கே எதிரி யாருமில்லை,” என்றாள்.

“உங்களுக்கு இல்லை,” என்றேன்.

எங்கே பழகினாய் என்று கேட்டாள். இலங்கையில், சோதனைச்சாவடியில் என்றேன். அங்கே கடற்கரைகள் நல்ல வடிவு, தான் போயிருக்கிறாளாம். வாயில் வந்ததைத் தமிழிலேயே விழுங்கினேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன்.

“என்னை அமைதியானவன் என்று சொல்ல வேண்டாம். பின்னால் வரவேண்டாம் என்று களஞ்சியத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.”

சொன்னாள். வேலை திரும்பக் கிடைத்தது. நான் சொன்னபோது சண்டித்தனம், அவள் பிரெஞ்சில் சொன்னபோது மருத்துவம். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இப்போது மேற்பார்வையாளன் தூரத்திலேயே நின்று, செவிடனுக்குச் சொல்வதுபோல் “போன்ஜூர்” என்று வணக்கம் கத்துகிறான்.

சனிக்கிழமைகளில் இன்னும் போகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், ரெஜினாவுக்கே பதில் சொல்லவில்லை. கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடுவேன். கைகள் இப்போது தோள்மட்டத்திலேயே நிற்கின்றன, கால்கள் ரொக்ஸ்பரோவில் நிற்கின்றன. முதுகு மட்டும் இன்னும் வவுனியாவில், திரும்பிப் பார்க்காமல் நிற்கிறது.