வேன் வந்துருச்சா மிஸ்ஸி?

வாசுகிக்கு உடம்பு அலுப்பு பெரிதில்லை. லூனாஸ் ஊரில் விடியுமுன் வேன் ஏறி, கையுறைத் தொழிற்சாலையில் நின்றே வேலை பார்த்துத் திரும்புகிற அலுப்பு ஒரு தூக்கம் தூங்கினால் போய்விடும். வருடக்கணக்காக ஒரு பொய்யைச் சுமக்கிற அலுப்புதான் போகவில்லை.

ஒரு சமயம் மனம் கலங்கி இரண்டு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்தாள். கணவன் சுகுமாரன் அக்கம்பக்கத்தில், "யான் ஊர்ல அவ அக்காவுக்கு முடியல, பார்த்துக்கப் போயிருக்கா" என்று சொல்லிவைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், எப்படியோ மறைந்தது. அன்றிலிருந்து மாத்திரையைக்கூட அவள் குளியலறைக்குள் நின்றுதான் விழுங்குகிறாள்.

சுகுமாரன் லாரி ஓட்டுகிறவன். மேடை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பக்கத்துச் சுங்கைப் பட்டாணி நகரத்துப் பையன்கள் மனநல மருத்துவமனையில் நடக்கிற கதையொன்றைப் படமாக எடுத்தபோது, நோயாளி வேடம் அவனுக்குக் கிடைத்தது. எப்படி நடித்தான் என்று வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஊர் மண்டபத்தில் படம் போட்டார்கள். திரையில் சுகுமாரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டை மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு, வருகிற தாதியிடமெல்லாம், "வேன் வந்துருச்சா மிஸ்ஸி?" என்று கேட்டான்.

வேலைக்குப் போகிற வேன் தப்பிவிடுமே என்று, மருத்துவமனையில் துண்டை அப்படிச் சுற்றிக்கொண்டு அப்படியே கேட்டவள் வாசுகிதான். பார்க்க வந்த மனுஷன் இதையா பார்த்துக்கொண்டு போனான், பாவி! அடுத்த காட்சியில் மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்து, தாதி திரும்பியதும் சன்னல் வழியே துப்பினான். மண்டபமே கைதட்டியது.

விளக்கு எரிந்ததும் எதிர்வீட்டு நளினி ஓடிவந்தாள். "அண்ணே, அசத்திட்டீங்க லா! அசல் பைத்தியம்தான். எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

சுகுமாரனுக்கு வியர்த்துக் கொட்டியது. "அது... சும்மா, நானா யோசிச்சு..."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நாளைக்கு வேனில் பக்கத்தில் உட்காரப் போவதும் இந்த நளினிதான். வாசுகிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு பொய்க்குத் தலையாட்டத் தெம்பு இல்லை.

"எங்கிட்டதான் கத்துக்கிட்டாரு, நளினி. ரெண்டு மாசம் நான் அந்த மாதிரி வார்டுலதான் இருந்தேன்."

வாசுகி கணவன் பக்கம் திரும்பினாள்.

"மாத்திரையத் துப்புனது மட்டும் பொய். வீட்டுக்கு வந்துரணும்னு நான் ஒண்ணு விடாம முழுங்குனேன்."